நான் சொன்ன ஓட்டல்

நீங்க எழுந்திருக்காதீங்க அக்கா. நாற்காலி உங்களுடையது. நான் இந்த அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்துகொள்கிறேன். தாங்கும், நான் என்ன அவ்வளவு கனமா?

விளக்குமாறு வைக்கிற அறையாக இருந்தாலும் திறந்து கொடுத்தீங்களே, அதுவே போதும். பாத்ரூமுக்குள் போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிடலாம் என்றுதான் போனேன். தரையெல்லாம் ஈரம். நின்றுகொண்டு ஒரு கையில் சேலையை, ஒரு கையில் இவளை. முடியவில்லை. தியேட்டர் வாசலில் பையைச் சோதித்தபோதே உங்களை நினைத்துக்கொண்டேன். எல்லார் பையிலும் கையை விட்டுக் கிளறினீங்க. என் பையைத் திறந்து குழந்தைத் துணியைப் பார்த்ததும் அப்படியே மூடிக் கொடுத்துட்டீங்க. பிள்ளை பெற்றவர்கள் போல என்று நினைத்தேன். மூன்று பேரா? மூன்றும் பையனா? அடேயப்பா.

எனக்கு இவள் ஒன்றுதான். ஏழு மாதம். பேர் யாழிசை. நான் வைத்ததில்லை. என் வீட்டுக்காரருடைய அக்கா வைத்தது. அதையும் அவர்கள்தான் வைத்தார்கள், என்ன செய்ய.

படம் எப்படி இருக்கிறது என்று கேட்காதீங்க. பேர் போட்டது தெரியும். அதற்குப் பிறகு ஒருத்தன் லாரியில் இருந்து குதித்தான். அவ்வளவுதான் நான் பார்த்த படம்.

எல்லாம் அந்த ஓட்டலால் வந்தது. ஓட்டலால்கூட இல்லை அக்கா, எங்கள் அண்ணியால் வந்தது.

அண்ணி என்றால் என் வீட்டுக்காரருடைய அக்கா. வளர்மதி என்று பேர். கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கிறார்கள். ஆம்பளை, பொம்பளை என்று பார்க்காமல் எதையும் சத்தமாகப் பேசுவார்கள். அண்ணன், அதாவது அவர்கள் வீட்டுக்காரர், மோட்டார் கம்பெனியில் சூப்பர்வைசர். வருடத்துக்கு ஒரு தடவை கரூருக்கு வருவார்கள். இந்தத் தடவை வரும்போது எல்லாருமாகப் படத்துக்குப் போகலாம் என்று அண்ணனே போனில் நான்கு டிக்கெட் போட்டுவிட்டார். சனிக்கிழமை, ஆறே முக்கால் காட்சி.

புதன்கிழமை போன் வந்தது. என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அதனால் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"படம் முடிய பத்தாயிரும் மாப்ள," என்றார் அண்ணன். "அதுக்கப்புறம் எந்தக் கடையைத் தேடுறது? முன்னாடியே சாப்பிட்டுட்டுப் போயிரலாம். நல்ல ஓட்டலா ஒண்ணு சொல்லு."

இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துச் சிரித்தார். "மேகலா சொல்லட்டும் மாமா," என்றார்.

மூன்று வருடத்தில் அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சேலை எடுக்கப் போனால் அவர் எடுப்பார், நான் கட்டிக்கொள்வேன். குறையாகச் சொல்லவில்லை, அவருக்கு நல்ல கண். ஆனால் 'மேகலா சொல்லட்டும்' என்று என் பேரைச் சொல்லி, அதுவும் அவர் அக்கா, மாமா காதில் விழ... "யோசிச்சுச் சொல்றேங்க," என்றேன். தோசை கருகிவிட்டது. அதற்குக்கூட அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு நாள் யோசித்தேன் அக்கா. சிரிக்காதீங்க. நான் வீட்டில் உட்கார்ந்து எக்ஸ்போர்ட்டுக்குத் தலையணை உறை தைக்கிறேன். மெஷினை மிதித்துக்கொண்டே அதே யோசனை. உறைக்குத் திறப்பு விடாமல் நாலு பக்கமும் தைத்துவிட்டுப் பிரித்தேன்.

காரணம் இருக்கிறது. உங்களிடம் சொல்ல முடிகிறது, அவரிடம் சொல்ல முடியவில்லை பாருங்க. இவள் புட்டிப்பால் குடிக்க மாட்டாள். மூன்று மணிக்குக் கொடுத்தால் மறுபடி ஐந்தரைக்குக் கேட்பாள். அப்போது வயிறு நிறையக் குடித்தால் நாலு மணி நேரம் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவாள். அரைகுறையாகக் குடித்தாலோ, ஊரைக் கூட்டுவாள். ஆக, ஐந்தரை மணிக்கு எனக்கு மறைவாக ஓர் இடம் வேண்டும். இருபது நிமிஷம் போதும். கிடைத்தால் நானும் எல்லாரோடும் உட்கார்ந்து படம் பார்ப்பேன். கிடைக்காவிட்டால் இப்படி உங்களோடு உட்கார்ந்திருப்பேன்.

இவள் பிறந்த பிறகு, இவளுக்குத் தடுப்பூசி போடப் போன ஆஸ்பத்திரியைத் தவிர நான் வேறெங்கும் போனதில்லை.

எனக்குத் தெரிந்த ஓட்டல் ஒன்றே ஒன்று. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சோலை மெஸ். மாசமாக இருந்தபோது ஸ்கேன் எடுத்துவிட்டு அவர் இரண்டு தடவை கூட்டிப்போனார். மாடியில் பேமிலி ரூம் இருக்கும். ரூம் என்றால் பலகை வைத்து அடைத்த தடுப்புதான், நாலு பேர் உட்காரலாம். வாசலுக்குப் பச்சைத் துணியில் திரை. காலியாக இருக்கிற ஒன்றில் போய்த் திரையை இழுத்து விட்டுவிட்டால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். சப்ளையர்கூட வெளியே நின்று பலகையைத் தட்டுவார். "தண்ணி கொண்டாந்திருக்கேனுங்க, உள்ள வரலாமுங்களா?" என்று கேட்பார். நாம் வரச் சொன்னால்தான் வருவார். குழம்புக்கு ஒரு தடவை கேட்பார், ரசத்துக்கு ஒரு தடவை கேட்பார்.

எங்கள் வீட்டில் ஒரு ஹால், ஓர் அறை. அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உடைந்து ஒரு வருடம் ஆகிறது. மாமியார் வருவார்கள், தண்ணீர் கேன் போடுகிறவர் வருவார், இவருடைய சிநேகிதர் சார்ஜர் எடுக்க வருவார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். தாழ்ப்பாள் போடச் சொன்னேன்தான், அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. நினைத்துப் பார்த்தால், கல்யாணமாகி இந்த மூன்று வருடத்தில் நான் இருக்கிற இடத்துக்கு என்னைக் கேட்டுவிட்டு உள்ளே வந்த ஒரே ஆள் அந்த சப்ளையர்தான்.

வெள்ளிக்கிழமை மறுபடி போன். மறுபடி ஸ்பீக்கர். "என்னம்மா மேகலா, முடிவு பண்ணிட்டியா?" என்றார் அண்ணன்.

"சோலை மெஸ்ஸுங்கண்ணா," என்றேன்.

"மெஸ்ஸா?" ஒரே சிரிப்பு அவருக்கு. "ஏம்மா, அங்க ஏசி இருக்குதா?"

"ஃபேன் இருக்குதுங்கண்ணா."

அதற்கு இன்னும் சிரித்தார். இவரும் சிரித்தார். திண்டில் சாய்ந்திருந்த மாமியாரும் சிரித்தார்கள். நான் எதைத் தப்பாகச் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை. ஃபேன் இருக்கத்தான் செய்கிறது.

அப்போதுதான் போனில் அண்ணி குறுக்கே வந்தார்கள். "எதுக்கு இப்பச் சிரிக்கறீங்க? மாடியில தனித்தனியா ரூம் இருக்குமே, அந்த மெஸ்ஸுதானே மேகலா? நல்ல கடை. டேய் நந்து, அவ சொன்ன கடைக்கே போலாம்டா."

அந்தத் தந்திரத்தைப் பாருங்க அக்கா. நான் சொன்னதை அவர்கள் எதற்குத் தூக்கிப் பிடிக்க வேண்டும்? நான் கேட்டேனா? அக்காவும் பெண்டாட்டியும் ஒரு பக்கமாகச் சேர்ந்துகொண்டால் எந்த ஆம்பளைக்குத்தான் ரோஷம் வராது? அவர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இவர் சிரித்துவிட்டுச் சரி என்றிருப்பார்.

உடனே இவர், "அதெல்லாம் வேணாங்க்கா," என்றார். "மாமா வர்றப்ப மெஸ்ஸுக்கா கூட்டிட்டுப் போறது? பைபாஸ்ல புதுசா ஒண்ணு தொறந்திருக்கான். நான் திங்கக்கிழமையே பாத்து வச்சுட்டேன்."

"அப்புறம் எதுக்குடா அவகிட்டக் கேட்ட?" என்றார்கள் அண்ணி.

இது ஒரு கேள்வியா அக்கா? தம்பியை மடக்குகிற கேள்வி. கேட்டார், கேட்கத் தோன்றியது, கேட்டார். எத்தனை வீட்டில் கேட்கிறார்கள்? கேட்டதே பெரிது என்று நான் நினைக்கிறேன். இவர்களுக்கு அதுவும் பொறுக்கவில்லை.

அதோடு விட்டார்களா? "மேகலா, நீ எதுக்கு அந்தக் கடையச் சொன்னேன்னு அவன்கிட்டச் சொன்னியா, இல்லையா?" என்று சத்தமாகக் கேட்கிறார்கள். ஸ்பீக்கரில்! அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் மாமியார். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. "ஒண்ணுமில்லைங்கண்ணி, சும்மாதான் சொன்னேன்," என்றேன்.

"சும்மாவா?"

"சும்மாதானுங்கண்ணி."

பிறகு அண்ணன் கிரிக்கெட் பேசினார்.

இன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்குக் கொடுத்தேன். நாலே முக்காலுக்கே இவள் கையைச் சப்ப ஆரம்பித்துவிட்டாள். கிளம்புவதற்கு முன் கொடுத்துவிடு என்று மாமியார் சொன்னார்கள். நான் கொடுக்கவில்லை. அப்போது கொடுத்தால் படத்துக்கு நடுவில் பசிக்கும் இல்லையா? ஐந்தரை மணிக்கு என்று நான் மனதில் ஒன்று வைத்திருந்தேன். மெஸ்ஸிலேயே மறைவு இருக்கிறது, பைபாஸில் இத்தனை பெரிய கடை கட்டியிருக்கிறான், அதில் இல்லாமலா போகும் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்?

போய் இறங்கிப் பார்த்தால் முழுக்கக் கண்ணாடி அக்கா. சுவரே கிடையாது. வெளியே பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் உள்ளே யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெண் வந்து மேசை காட்டியது. அவர்கள் எல்லாரும் உட்காரும்வரை நான் பின்தங்கி நின்று, அந்தப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன், "இங்க பேமிலி ரூம் இருக்குதுங்களா?"

"எல்லாமே பேமிலிதான் மேடம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

ஒரே பாத்ரூம். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதுதான். வாசலில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

சாப்பாட்டு அட்டை இங்கிலீஷில் இருந்தது. நான் எட்டாவது வரைக்கும்தான். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், ஆனால் படித்தால் என்ன சாப்பாடு என்று தெரியவில்லை. இவரே எல்லாருக்கும் சொல்லிவிட்டார். "அவளுக்கு ஒரு ஃப்ரைட் ரைஸ்," என்றார். எனக்கு அது இறங்காது. பரோட்டாவும் சால்னாவும் என்றால் நாலு உள்ளே போகும். அவருக்குத் தெரியும், மறந்திருப்பார். மாமாவைக் கவனிக்க வேண்டும், ஒருத்தர் எத்தனையைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார்?

சோறு வருவதற்குள் இவள் ஆரம்பித்துவிட்டாள். முதலில் சிணுங்கல். பிறகு என் மாராப்பைப் பிடித்து இழுத்தாள். அண்ணி எட்டி வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அங்கேயும் இங்கேயும் நடந்தார்கள். ஊருக்குக் காட்டவேண்டும் இல்லையா, அத்தைதான் பிள்ளையைப் பார்க்கிறாள் என்று. நடந்துவிட்டு வந்து இவளை என் மடியில் விட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். அந்தக் கடைக்கே கேட்கிற மாதிரி, "பால் தேடுறா மேகலா," என்றார்கள்.

பக்கத்து மேசையில் நாலைந்து காலேஜ் பையன்கள்.

"இங்க எப்பிடிங்கண்ணி," என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

அண்ணி என்ன செய்தார்கள் தெரியுமா? தோளில் இருந்த துப்பட்டாவை உருவினார்கள். எழுந்து நின்று இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்கள், துணி காயப் போடுகிற மாதிரி. "நீ அந்தத் தூணைப் பாத்துத் திரும்பி உக்காரு. நான் இப்பிடியே நிக்கிறேன். ஒருத்தன் கண்ணுக்கும் தெரியாது. குடு பிள்ளைக்கு," என்றார்கள்.

கடை முழுக்கத் திரும்பிவிட்டது.

"அக்கா, உக்காருக்கா," என்றார் இவர். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "எல்லாரும் பாக்கறாங்க."

"பாத்தாப் பாக்கட்டும்டா. உனக்குப் பசிச்சா அஞ்சு நிமிசம் பொறுப்பியா? தட்டைத் தட்டுவ. அதுக்குத் தட்டத் தெரியல, அழுவுது."

"மானத்தை வாங்காதக்கா."

"எவன் மானம்டா இதுல போவுது?"

அண்ணன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், பாவம், நல்ல மனிதர். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது. "வேணாங்கண்ணி. அவளுக்குப் பசியில்லை, தூக்கந்தான்," என்றேன். சொல்லும்போதே என் ஜாக்கெட் நனைந்துவிட்டது. இவள் அழுதால் எனக்குத் தானாக ஊறும், உங்களுக்குத் தெரியாததா. முந்தானையை இரண்டு சுற்றுச் சுற்றி மூடிக்கொண்டேன்.

அண்ணி என்னையே பார்த்தார்கள். பிறகு துப்பட்டாவை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் தட்டில் இருந்த கோழியைத் தொடவே இல்லை அக்கா. முழுதாக அப்படியே கிடந்தது. என் மேல் அவ்வளவு கோபம்.

இவரைச் சொல்லவேண்டும். அந்தக் கோபத்திலும் வண்டிச் சாவியை எடுத்து இவள் கையில் கொடுத்து ஆட்டிக் காட்டினார். ஒரு நிமிஷம் வாயை மூடினாள். பிள்ளை மேல் அவருக்கு உயிர். "சீக்கிரம் சாப்பிடு, பேர் போடறதுக்கு முன்ன போகணும்," என்றார். நான் நாலு வாய் சாப்பிட்டேன், எழுந்துவிட்டேன்.

இங்கே தியேட்டருக்குள் வந்து விளக்கு அணைந்ததும் அந்தச் சத்தத்துக்கு இவள் வீறிட்டாள். நான் என்ன ஆட்டியும் நிற்கவில்லை. பின்னால் ஒரு ஆள், "சின்னப் புள்ளையத் தூக்கிட்டு எதுக்குத்தான் வர்றாங்களோ," என்றான். இவர் என் காதுக்குக் குனிந்து, "வெளிய கொண்டு போயிரு," என்றார். நான் எழுந்ததும் அண்ணியும் எழுந்தார்கள். "இரு மேகலா, நானும் வர்றேன்."

"நீ உக்காருக்கா," என்று இவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். "அவ பாத்துக்குவா."

அந்த இடத்தில்தான் அவரை நான் மெச்சுகிறேன். அண்ணி கூட வந்தால் எனக்குச் சங்கடம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது பாருங்க. நான் வாயைத் திறந்து சொல்லவே இல்லை. தெரிந்திருக்கிறது.

தூங்கிவிட்டாளா? நீங்க பாருங்க, எனக்கு முகம் தெரியவில்லை. ஆமாம், வாய் தளர்ந்துவிட்டது. வயிறு நிறைந்துவிட்டது. இனி எழுந்திருக்க மாட்டாள்.

போகலாம்தான். நீங்க சொல்வது சரி, பாதிப் படம் இருக்கிறது. ஆனால் இருட்டில் எல்லார் காலையும் மிதித்துக்கொண்டு... இவரே வந்து கூப்பிடட்டும். இடைவேளை விடுவார்கள் இல்லையா? அப்போது வருவார். 'தூங்கிட்டாளா மேகலா, வா' என்று ஒரு வார்த்தை. நான் அதற்குத்தான் இருக்கிறேன். ஓட்டலை நான் சொல்லி நடக்கவில்லை, போகட்டும். நான் இல்லாமல் பக்கத்து நாற்காலி காலியாக இருப்பது அவருக்குத் தெரியாமலா போகும்?

விட்டுவிட்டார்களா? மணி அடிக்கிறதே. கதவை முழுக்கத் திறக்காதீங்க அக்கா, இந்த இடுக்கு போதும்.

அதோ, நீலக் கட்டம் போட்ட சட்டை. அவர்தான். பார்க்க நன்றாக இருக்கிறார் இல்லையா? தேடுகிறார் பாருங்க, நிமிர்ந்து நிமிர்ந்து பார்க்கிறார். இல்லை... அது பலகாரம் எழுதிய பலகையா? சரி, பசித்திருக்கும். வாங்கிக்கொண்டு வருவார்.

பாப்கார்ன். மூன்றா, நான்கா அக்கா, உங்களுக்குத் தெரிகிறதா? மூன்றா?

மூன்று சரிதான். உள்ளே இருப்பது மூன்று பேர்தானே. கையும் இரண்டுதான் இருக்கிறது, நான்கை எப்படிப் பிடிப்பார்?

ஐயோ, அண்ணி வருகிறார்கள். கையில் ஒன்றும் இல்லாமல் வருகிறார்கள். என்னைப் பிடிக்கத்தான். பாத்ரூமுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள் பாருங்க, பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், இத்தனை கூட்டத்தில். இப்போது வந்து என்ன சொல்வார்கள், நானே சொல்கிறேன். 'பிள்ளையை எங்கிட்டக் குடு, நான் வெளிய இருக்கேன், நீ போயி மிச்சப் படத்தைப் பாரு' என்பார்கள். நான் போய்விட்டால், பெற்றவள் படம் பார்த்தாள், அத்தைக்காரி பிள்ளையைப் பார்த்தாள் என்று காலத்துக்கும் பேச்சாகிவிடும். அந்தப் பேரைத் தட்டிக்கொண்டு போகத்தான் இத்தனையும். எனக்குத் தெரியாதா?

கதவைச் சாத்துங்க அக்கா. சாத்தி, முன்னால் நின்றுகொள்ளுங்க. கேட்டால் நான் இங்கே இல்லை என்று சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

போய்விட்டார்களா? நல்லது.

அவரும் போய்விட்டாரா? இந்தப் பக்கம் பார்க்கவே இல்லையா?

கூட்டம் அக்கா. கூட்டத்தில் யாருக்குத்தான் யார் தெரிகிறார்கள். பரவாயில்லை, நான் இங்கேயே இருக்கிறேன். படம் முடிந்து இந்த வழியாகத்தானே வருவார், அப்போது சேர்ந்துகொள்கிறேன்.

இல்லையா?

வெளியே போகிற வழி அந்தப் பக்கமா அக்கா?